தீவுக்குப் பணிமாறிப் போகும் காவலருக்கு: மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

நகரத்து ஸ்டேஷனில் பழகிவிட்டு, முதல்முறையாக ஒரு சின்னத் தீவுக்குப் போகிற காவலர்களுக்காக இதை எழுதுகிறேன். காவல்துறையோடு சேர்ந்து வேலை செய்யும் தன்னார்வலர்களுக்கும் இது உதவும்.

நகரத்தில் பணி முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டால் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம். தீவில் அது முடியாது. நீங்கள் படகைவிட்டு இறங்கிய அன்று மாலைக்குள் உங்கள் பெயர், எங்கே தங்கியிருக்கிறீர்கள், கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அடித்தவரும் அடிபட்டவரும் மறுநாள் காலை ஒரே படகில் போக வேண்டியிருக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரின் மைத்துனராக இருப்பார். கடல் கொந்தளித்தால் உங்களுக்கு உதவ இன்னொரு காவலர் வந்துசேர ஒரு நாள்கூட ஆகும். இது போக, மக்கள் மனதில் வேறொரு கணக்கும் ஓடும். உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் வந்து, ஊர் பிடிபடுவதற்குள் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்கள். நீங்களும் அப்படித்தானே போவீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் காவலர் மேல் வரும் நம்பிக்கை இரண்டு பழக்கங்களைப் பொறுத்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒன்று, காதில் விழுந்ததை வெளியே விடாமல் இருப்பது. இன்னொன்று, கேட்டுக்கொண்டு போன விஷயத்துக்குத் திரும்ப வந்து பதில் சொல்வது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் அன்றாட வேலைக்குள் கொண்டுவருவது பற்றியவைதான்.

1. படகேறும் முன் பழைய கதையைக் கேளுங்கள்

புதிய இடத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் குற்றப் பதிவேட்டைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். தீவுக்கு அது போதாது. காவல்துறைக்கும் அந்த ஊருக்கும் இடையே இதற்கு முன் என்ன நடந்தது, எதில் மனம் விட்டுப்போனது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து, இருபது வருடத்துக்கு முன் நடந்தது நகரத்தில் மறந்திருக்கும். தீவில் அது அதே குடும்பங்களின் நினைவில் அப்படியே இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரைக்கு அப்பால் உள்ள பாம் தீவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 2004 நவம்பர் 19 அன்று, கைது செய்யப்பட்ட ஒருவர் சற்று நேரத்திலேயே காவல் நிலைய அறையில் இறந்துபோனார். ஒரு வாரம் கழித்துப் பிரேதப் பரிசோதனை முடிவு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்டதும், கொதித்துப்போன மக்கள் காவல் நிலையத்தையும் நீதிமன்றக் கட்டடத்தையும் காவலர் வீட்டையும் எரித்தார்கள். சாவு மட்டுமல்ல, அதன் பிறகு விசாரணை நடந்த விதமும் மக்களுக்குக் கசப்பை உண்டாக்கியது. விசாரிக்க வந்த அதிகாரிகளை விமான நிலையத்தில் போய் அழைத்து வந்ததே இறந்தவரைக் கைது செய்த அதிகாரிதான். அன்றிரவு அவர்கள் சாப்பிட்டதும் அவர் வீட்டில். 2016-இல் ஆஸ்திரேலிய மத்திய நீதிமன்றம், அந்த மக்களிடம் காவல்துறை இனப் பாகுபாட்டோடு நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. 2018-இல் 3 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் மன்னிப்பும் என்று முடிவானது. நடந்ததற்கும் மன்னிப்புக்கும் நடுவில் 14 வருடங்கள். அந்த இடைவெளியில் அங்கே பணிக்குப் போன ஒவ்வொரு காவலரும், தான் செய்யாத ஒன்றின் பாரத்தையும் சுமந்துகொண்டுதான் படகுத்துறையில் இறங்கியிருப்பார்.

உங்கள் தீவிலும் இதைவிடச் சின்னதாக ஏதாவது நடந்திருக்கலாம். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பியது, தப்பான வீட்டுக்குள் நுழைந்து சோதனை போட்டது, ஒரு பையனை எல்லோர் முன்னாலும் அறைந்தது. யாராவது அதைச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். "அப்போது நான் இங்கே இல்லையே" என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முழுதாகக் கேளுங்கள். இப்போது அதே மாதிரி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். முதல் சந்திப்புக்கு அது போதும்.

2. முதல் இரண்டு வாரம் நடந்தே போங்கள்

தீவு சின்னதாக இருந்தால் வண்டியை ஸ்டேஷனிலேயே விட்டுவிடுங்கள். வண்டியில் போகிறவரை நிறுத்தி யாரும் பேச மாட்டார்கள். நடந்து போகிறவரிடம், குறைந்தது "எங்கே இந்தப் பக்கம்?" என்றாவது கேட்பார்கள்.

யாரை முதலில் பார்ப்பது? ஊர்ப் பெரியவர்களைப் பார்ப்பது மரியாதை, அதைச் செய்துவிடுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், நீங்கள் அவர்களுடைய ஆள் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் அதே வாரத்திலேயே செவிலியரையும் ஆசிரியரையும் படகோட்டியையும் பாருங்கள். ஊரில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது செவிலியருக்குத் தெரியும். எந்தக் குழந்தை சரியாகப் பள்ளிக்கு வருவதில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது படகோட்டிக்குத் தெரியும். இவர்களிடம் போய்த் தகவல் கேட்காதீர்கள். அவர்கள் உளவாளிகள் இல்லை, அப்படி நடத்தினால் அவர்கள் தொழிலுக்கே கெடுதல். பழகுங்கள், போதும். அவசியம் வரும்போது அவர்களே வருவார்கள்.

அப்புறம், யாரும் உங்களுக்கு அறிமுகப்படுத்தாத ஆட்களைத் தேடிப் போங்கள். பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்து போகும் தொழிலாளர்கள், வேறு தீவிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள், வேறு மொழி பேசுகிறவர்கள், மாலையில் படகுத்துறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். தீவுகளில் நாலைந்து குடும்பங்களின் குரல்தான் ஊரின் குரலாகக் கேட்கும். அதற்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் காவலரின் உதவி அதிகம் தேவைப்படும்.

ஒவ்வொரு வீட்டிலும் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: உங்கள் பெயர், உங்கள் எண், எந்த நாளில் எங்கே இருப்பீர்கள். முதல் சுற்றில் வழக்கு எதைப் பற்றியும் பேச வேண்டாம்.

இதை ஜப்பான் காவல்துறை பல தலைமுறையாகச் செய்துவருகிறது. அங்கே தெருமுனையில் கோபன் என்ற சின்னக் காவல் சாவடிகள் உண்டு. 1874-இல் டோக்கியோவில் தொடங்கிய ஏற்பாடு அது. கிராமங்களிலும் தீவுகளிலும் இருப்பது சூசைஷோ. அதில் காவலரின் அலுவலகமும் வீடும் ஒரே கட்டடத்தில் இருக்கும், அவர் குடும்பத்தோடு அங்கேயே வசிப்பார். அந்த வட்டாரத்தில் உள்ள வீடுகளுக்குப் போய் அறிமுகம் செய்துகொள்வது அவருடைய வழக்கமான பணிகளில் ஒன்று. ஒரு குற்றமும் நடக்காத நாளிலும் காவலர் வீட்டு வாசலுக்கு வருவார் என்று மக்கள் பழகியிருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். காவலரைப் பார்த்தாலே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்ற பயம் அப்போது இருக்காது.

3. வரும் நாளைச் சொல்லுங்கள், அந்த நாளில் வாருங்கள்

ஒரே காவலர் இரண்டு மூன்று தீவுகளைப் பார்த்துக்கொள்வது பல இடங்களில் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு தீவுக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். படகு நேரத்தை ஒட்டி, எல்லோரும் கடந்துபோகும் ஓர் இடத்தில், ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதல் ஒரு மாதம் யாரும் வராமல் போகலாம், தவறாமல் போய் உட்காருங்கள். காற்று, மழை என்று வர முடியாமல் போனால் முந்தின நாளே தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் ஒரு முறை வராமல் போனால், அடுத்த ஐந்து முறை வந்தாலும் அதை ஈடுகட்டுவது கஷ்டம்.

4. சின்னப் புகாரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்

பெரிய விஷயத்தை யாரும் முதலில் கொண்டுவர மாட்டார்கள். சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார்கள். அதை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்வார்கள்.

1979-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் ஒரு கருத்தை முன்வைத்தார். வரும் அழைப்புகளுக்கெல்லாம் தனித்தனியாக ஓடுவதைவிட, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பிரச்சினையைக் கண்டுபிடித்து அதைத் தீர்ப்பதே காவல்துறையின் வேலை என்றார். பின்னால் வந்தவர்கள் இதை நான்கு கட்டமாக்கினார்கள்: என்ன பிரச்சினை என்று அடையாளம் காண்பது, ஏன் நடக்கிறது என்று ஆராய்வது, செய்ய வேண்டியதைச் செய்வது, பலன் உண்டா என்று சரிபார்ப்பது.

படகுத்துறையில் கட்டியிருக்கும் படகுகளிலிருந்து எரிபொருள் திருடுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் மூன்று தனிப் புகார் தருகிறார்கள். வழக்கமான வழி, மூன்றையும் பதிவு செய்துவிட்டு இரவில் ஒரு ரோந்து போவது. கொஞ்சம் உட்கார்ந்து கேட்டால் வேறு விஷயங்கள் தெரியவரும். எல்லாமே கடைசிப் படகு போன பிறகு நடக்கிறது. படகுத்துறையின் ஒரு பக்கம் விளக்கு எரிவதில்லை. அந்தப் பக்கம் கட்டும் படகுகளில்தான் திருட்டு. கேனைப் பூட்டி வைக்க அங்கே இடமும் இல்லை. இப்போது செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது. விளக்கைச் சரிசெய்யச் சொல்லித் துறைமுகப் பொறுப்பாளரைப் பாருங்கள். கேன்களை வைக்கப் பூட்டுள்ள ஒரு பெட்டி கிடைக்குமா என்று படகுக்காரர்களோடு பேசுங்கள். இரண்டு மாதம் கழித்து, திருட்டு நின்றதா அல்லது வேறு பக்கம் நகர்ந்ததா என்று போய்ப் பாருங்கள்.

இதில் பலரும் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. புகார் சொன்ன அந்த மூன்று பேரிடமும் திரும்பப் போய், என்ன செய்தீர்கள் என்று சொல்வது. ஒரு நோட்டை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். யார், என்ன கேட்டார், என்றைக்குப் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள். அந்தத் தேதி வரும்போது கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள். "இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிடவில்லை, அடுத்த வாரம் வருகிறேன்" என்பதும் பதில்தான். நான்கு நாள் ஆகும் வேலைக்கு இரண்டு நாளில் முடித்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

5. வாய் காப்பது

தீவில் ரகசியம் கசிந்தால் எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. விஷயம் தெரிந்தவர்களே மூன்று பேர்தான் இருப்பார்கள்.

முதலில் இடத்தைக் கவனியுங்கள். ஸ்டேஷன் வாசல் ஊர் நடுவில் இருந்தால், அதில் ஏறுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு பெண் உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன் செய்தி போய்விடும். ஸ்டேஷனுக்கு வராமலே பேச ஒரு வழி வையுங்கள். சுகாதார நிலையத்தில் ஒரு அறை கிடைக்குமா என்று கேளுங்கள், அங்கே யார் போனாலும் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டுக்குப் போவதாக இருந்தால், அந்த வீட்டுக்கு மட்டும் போகாமல் அந்தத் தெருவில் நாலு வீட்டுக்குப் போங்கள்.

அடுத்தது, ஸ்டேஷனுக்குள் வேலை செய்கிறவர்கள். துப்புரவு செய்பவர், எழுத்தர், உள்ளூர்த் தன்னார்வலர் ஆகியோருக்கு யாரோடு என்ன உறவு என்று தெரிந்துவைத்திருங்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. தங்கை கணவரைப் பற்றி வந்த புகாரை மேசைமேல் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் சங்கடத்தை நாம் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் வானிலை, படகு, காணாமல்போனவர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வழக்கைப் பற்றி "அப்படியெல்லாம் இல்லை" என்று மறுப்பதுகூடப் பாதியைச் சொல்லிவிடும்.

உங்கள் நண்பர், உங்கள் வீட்டு உரிமையாளர், உங்களோடு வேலை செய்யும் காவலர் யார் மீதாவது புகார் வந்தால் நீங்கள் அதைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து ஆளைக் கேட்டு வாங்குங்கள். அப்படி வருகிறவரை யார் படகுத்துறையில் போய் அழைத்துவருகிறார்கள், எங்கே தங்கவைக்கிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் ஊர் பார்க்கும். பாம் தீவில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. சத்தமில்லாத ஊரைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வேகமாகப் படித்துக் கடந்துவிடாதீர்கள். புகாரே இல்லாத தீவு அமைதியான தீவு என்று நம்புவது நாம் செய்யக்கூடிய பெரிய தவறு.

பசிபிக் கடலில் இருக்கும் பிட்கேர்ன் தீவில் 50 பேர் அளவில்தான் மக்கள்தொகை. 2004-இல் அங்கே சிறுமிகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக ஏழு ஆண்கள் மீது விசாரணை நடந்தது, ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்தக் குற்றங்களில் சில பல பத்தாண்டுகள் பழையவை. அவ்வளவு காலமும் அந்தத் தீவில் சத்தமில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், தப்பித்துப் போகக் கப்பல் எப்போது வரும் என்று தெரியாது, அதிகாரத்தில் இருப்பவர்களும் அதே குடும்பத்தினர் என்ற நிலையில் ஒரு சிறுமி யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்?

அதனால் வந்த முதல் மாதத்திலேயே செவிலியரோடும் ஆசிரியரோடும் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டுவிடுங்கள். நள்ளிரவில் ஒரு பெண் குழந்தைகளோடு வெளியேற வேண்டியிருந்தால் எந்தப் படகு, யார் ஓட்டுவார், அடுத்த கரையில் எங்கே தங்குவார், கடல் மோசமாக இருந்தால் அன்றிரவு தீவிலேயே பாதுகாப்பான வீடு எது? படகோட்டி அந்தக் கணவரின் அண்ணனாக இருந்தால் மாற்று ஏற்பாடு என்ன? இதெல்லாம் நெருக்கடி வந்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை. தீவுக்கு வெளியே இருக்கும் பெண் காவலர் ஒருவரின் எண்ணையும், உங்களைப் பற்றியே புகார் செய்ய வேண்டுமானால் அழைக்க வேண்டிய எண்ணையும் சுகாதார நிலையத்தில் ஒட்டி வையுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் "நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்" என்று வருவார்கள். பல விஷயங்களில் அது நல்லது. எல்லைத் தகராறு, சத்தம், கால்நடை மேய்ந்தது, வலை அறுந்தது எல்லாம் அவர்கள் கையில் உங்களைவிட நன்றாகத் தீரும். பசிபிக் தீவு நாடான சமோவாவில் கிராம சபைகளின் அதிகாரத்தை 1990-இல் ஒரு சட்டமே அங்கீகரித்தது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் அடி, குழந்தைகள் மீதான கொடுமை, பாலியல் குற்றம் ஆகியவற்றில் சமாதானம் பேசுவதை ஏற்காதீர்கள். அங்கே சமாதானம் என்ற பெயரில் பலவீனமானவரின் வாயைத்தான் அடைப்பார்கள். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால், பிறகு மோதல் குறையும்.

7. கைது செய்யும்போதும் அபராதம் போடும்போதும்

தன்னைத் தண்டித்த காவலரையும் ஒருவர் மதிக்க முடியும். நடைமுறை நியாயம் பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது நான்கு விஷயம்: அவர் தரப்பைச் சொல்ல விட்டார்களா, எல்லோருக்கும் ஒரே விதி இருந்ததா, மரியாதையாக நடத்தினார்களா, அவர் நலனையும் யோசித்தார்கள் என்று தோன்றியதா. முடிவு என்னவென்பதைப் போலவே, அந்த முடிவுக்கு வந்த விதமும் மனதில் நிற்கிறது.

தீவில் இரண்டாவது விஷயம்தான் சோதனை. ஊர்த் தலைவரின் மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன செய்கிறீர்கள் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். புதிதாக ஒரு விதியைக் கடுமையாக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வாரம் முன்பே அறிவியுங்கள். அறிவித்த பிறகு யாருக்கும் விலக்கு தராதீர்கள்.

கைது செய்தவரைப் படகில் கொண்டுபோவது பற்றியும் யோசியுங்கள். விலங்கு போட்டு, பள்ளிக் குழந்தைகள் ஏறும் படகில், அவருடைய அம்மா பார்க்க உட்காரவைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. வேறு படகோ வேறு நேரமோ கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அவர் தண்டனை முடிந்து திரும்பி வந்து உங்கள் பக்கத்து வீட்டில்தான் இருப்பார்.

மீன்பங்கு, விருந்து, கடன் எதையும் வாங்காமல் இருப்பது நல்லது. முகம் கோணாமல் மறுக்க, "துறை விதி, என்னை மாட்டிவிடாதீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

8. ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிகாரத்தின் எல்லையை எழுதி வையுங்கள்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஜெர்சி தீவில் நூற்றாண்டுகளாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்குள்ள 12 வட்டாரங்களிலும் மக்கள் தேர்ந்தெடுக்கும், சம்பளம் வாங்காத கௌரவக் காவலர்கள் இருக்கிறார்கள். சம்பளம் வாங்கும் காவல்துறை தனியாக உண்டு. ஆனாலும் ஒருவர் மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்யும் அதிகாரம் சென்டெனியர் எனப்படும் கௌரவ அதிகாரிகளிடம்தான் இருக்கிறது. காவல் வேலை நம்முடையது என்ற எண்ணம் அங்கே ஊருக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் தீவில் தன்னார்வலர்களைச் சேர்ப்பதானால், ஒரே குடும்பத்திலிருந்து எல்லோரையும் எடுக்காதீர்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, அவர்கள் தப்பு செய்தால் யாரிடம் புகார் என்பதை எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். மாதம் ஒரு கூட்டம் போதும். போன கூட்டத்தில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதோடுதான் ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்க வேண்டும்.

பொறுமையும் வேண்டும். சாலமன் தீவுகளில் உள்நாட்டுக் கலவரத்துக்குப் பிறகு, 2003 ஜூலையில் பசிபிக் நாடுகளின் உதவிப்படை வந்து இறங்கியது. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் முதல் சில மாதங்களிலேயே திரும்ப வந்துவிட்டன. ஆனால் அந்தப் படை கிளம்பியது 2017 ஜூனில். உள்ளூர்க் காவல்துறையைத் திரும்பக் கட்டி எழுப்ப அவ்வளவு காலம் எடுத்தது.

9. பலனை எப்படித் தெரிந்துகொள்வது

முதல் வருடம் புகார் எண்ணிக்கை கூடினால் பயப்படாதீர்கள், அதை மேலதிகாரிக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். இதுவரை சொல்லாதவர்கள் சொல்ல ஆரம்பித்திருக்கலாம். யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பெண்கள் தாங்களாகவே வருகிறார்களா, வெளியூர்த் தொழிலாளர்கள் வருகிறார்களா, பழைய பிரச்சினையே திரும்ப வருகிறதா, உங்கள் நோட்டில் பதில் சொல்லாமல் விட்ட தேதிகள் எத்தனை.

10. மாற்றல் வரும்போது

மாற்றல் உத்தரவு வந்ததும் ஊருக்கு நீங்களே சொல்லுங்கள், அடுத்தவர் வாயால் தெரிய வேண்டாம். பதில் சொல்லாமல் இருக்கும் புகார்களை எல்லாம் பட்டியல் போட்டு வருகிறவரிடம் கொடுங்கள். ஊர் வம்பு, உங்கள் சொந்த விருப்பு வெறுப்பு அந்தப் பட்டியலில் வரக் கூடாது. முடிந்தால் ஒரு வாரம் இருவரும் சேர்ந்து இருங்கள். நீங்கள் முதல் இரண்டு வாரம் நடந்த அதே வழியில் அவரையும் நடத்திக் கூட்டிப்போங்கள். அந்த மூன்று படகுக்காரர்களிடமும் நிறுத்தி, "விளக்கு விஷயத்தை இனிமேல் இவர் பார்ப்பார்" என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் படகேறுங்கள்.